நண்பனுக்கு என்ன முறை?

நம் சாவு வீட்டில் உறவுக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை உண்டு. மகன் கொள்ளிச்சட்டி எடுக்கிறான், சம்பந்தி வீட்டார் கோடி போடுகிறார்கள், பங்காளிகள் வாய்க்கரிசிக்கு முன்னால் நிற்கிறார்கள். காலமெல்லாம் கூடவே திரிந்த சிநேகிதனுக்கு அங்கே எந்த முறையும் கிடையாது. குளிர்பெட்டிக்குச் சொல்வது, மயானத்தில் பதிவு செய்வது, பாடைக்குத் தோள் கொடுப்பது எல்லாம் அவன்தான். சடங்கு தொடங்கியதும் ஒதுங்கி நிற்பவனும் அவன்தான். இரங்கல் கூட்டம் என்ற வழக்கத்தை நான் மதிப்பது முதலில் இதற்காகத்தான். என்ன உறவு என்று கேட்காமல் நண்பனைப் பேசவிடுகிறது அது.

இந்தத் தேவை பழையது. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர் நீத்தபின் உறையூர் திரும்பிய அவன் நண்பரான புலவர் பொத்தியார், புறநானூற்றின் 220ஆம் பாட்டில், யானை இல்லாத கம்பத்தைக் கண்ட பாகனைப் போல, அரசன் இல்லாத மன்றத்தைக் கண்டு அழுகிறார். பாரிக்காகக் கபிலரும் அதியமானுக்காக ஔவையும் கலங்கினார்கள். கையறுநிலைப் பாட்டுகளில் நெஞ்சை உலுக்குபவை பல, இப்படி இரத்த உறவில்லாதவர்கள் பாடியவை. 1921 செப்டம்பரில் பாரதியின் உடலோடு கிருஷ்ணாம்பேட்டை மயானத்துக்குப் போனவர்கள் மிகச் சிலர். எரியூட்டும் முன் நண்பர் சுரேந்திரநாத் ஆர்யா அவரைப் பற்றிப் பேசினார். பிற்பாடு சுயமரியாதை இயக்கத்தார் கருமாதியை விட்டுப் படத்திறப்பு நடத்தத் தொடங்கினார்கள். மந்திரம் ஒலித்த இடத்துக்கு மனிதப் பேச்சு வந்தது.

வந்த பேச்சு என்ன ஆயிற்று என்பதுதான் என் ஆதங்கம். மாலை போட்ட படம், குத்துவிளக்கு, வாசலில் ‘கண்ணீர் அஞ்சலி’ ஃபிளெக்ஸ். மேடையில் பதவி வரிசைப்படி நாற்காலிகள். ‘ஈடுசெய்ய முடியாத இழப்பு’ என்று ஆரம்பிப்பவர், இறந்தவர் தன்னை எப்படியெல்லாம் பாராட்டினார் என்பதில் முடிக்கிறார். படத்தில் இருப்பவர் என்ன சாப்பிடுவார், எதற்குக் கோபப்படுவார் என்று பேசுபவருக்குத் தெரியாது. தெரிந்தவர் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவரைக் கூப்பிடும்போது, “நேரமாயிடுச்சு, ரெண்டே நிமிஷத்துல முடிச்சுக்குங்க” என்கிறார்கள்.

அந்த இரண்டு நிமிடத்தின் மதிப்பை ஓர் ஆசிரியரின் படத்திறப்பில் பார்த்தேன். பால்ய நண்பர் மைக்கைப் பிடித்து, “இவன் கைமாத்து வாங்கினா லேசுல திருப்பித் தரமாட்டான். ஆனா அவ்வளவும் எவனோ ஒரு பையனுக்குப் பரீட்சை ஃபீஸா போயிருக்கும்” என்றார். முன்வரிசையில் இருந்த மகள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மாவுக்கும் அது தெரிந்திருக்கவில்லை. வீட்டுக்குத் தெரியாத ஒரு மனிதரை வீட்டாரிடம் ஒப்படைக்க நண்பரால்தான் முடிகிறது. செத்தவரைப் பற்றிக் குறை சொல்லக்கூடாது என்ற கட்டுப்பாட்டுக்கு அவர் பணிந்திருந்தால் கடனும் வெளியே வந்திருக்காது, ஃபீஸும் வந்திருக்காது. வெறும் புகழுரையில் எல்லா இறந்தவர்களும் ஒரே ஆளாகிவிடுகிறார்கள்.

நெருங்கியவர் எல்லோராலும் பேச முடிவதில்லை என்பதும் உண்மை. தொண்டை அடைத்து நிற்பவரிடம் மைக்கை நீட்டுவது கொடுமை. அவர் எழுதித் தந்ததை வேறொருவர் வாசிக்கலாமே.

இதைவிடப் பெரிய குறை பெண்கள் விஷயத்தில். சில இடங்களில் எரியூட்டிய கையோடு மயானத்திலேயே இரங்கல் கூட்டம் நடத்துகிறார்கள். நம்மில் பல சமூகங்களில் இன்னமும் பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை. இருபது வருடம் பக்கத்து மேசையில் வேலை பார்த்த தோழி தெருமுனையோடு நின்றுவிடுகிறாள். ஒப்பாரி இருந்தவரை சாவு வீட்டில் பெண் குரலுக்கு ஓர் இடம் இருந்தது. அது மங்கிப்போன பிறகு வந்த மேடை அவளைக் கூப்பிடவில்லை. மயானக் கூட்டத்தை ஒரு வாரம் தள்ளி, இறந்தவர் வேலை பார்த்த பள்ளியிலோ அலுவலகத்திலோ வைத்தால் அவளும் வருவாள், ரயில் பிடித்து வரவேண்டிய வெளியூர் நண்பர்களும் வந்து சேர்வார்கள். முதலில் பேச அவர்களைத்தான் கூப்பிட வேண்டும்.