சங்கத்தைப் பார்க்கும் கண்கள்

1918 ஏப்ரல் 27ஆம் நாள் வடசென்னையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களுக்காகச் செல்வபதி செட்டியாரும் இராமானுஜுலு நாயுடுவும் போட்ட விதை அது. பி.பி. வாடியா தலைவரானார், திரு.வி.க. தோள்கொடுத்தார். 1920இல் பிணக்கு முற்றியபோது நிர்வாகம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார் என்று வாடியா மீது வழக்கு, தடையாணையும் கிடைத்தது. அவர் சங்கத்தை விட்டு விலகியதோடு அது முடிந்தது. தொழில் உறவுக் கோட்பாடுகளை உரசிப் பார்க்க நமக்கு வாய்த்த உரைகல் இந்த வரலாறு.

ஆலை ஒரு குடும்பம், நிர்வாகமே அதன் தலைமை என்பது ஒருமைப் பார்வை. குடும்பத்தில் சண்டை வந்தால் வெளியாள் மூட்டிவிட்டதாகத்தான் சொல்வார்கள். பின்னிக்கு வாடியா அந்த வெளியாள். இதற்கு எதிரே பன்மைப் பார்வையை வைத்து, இரண்டையும் 1966இல் வேறுபடுத்திக் காட்டியவர் பிரிட்டிஷ் சமூகவியலாளர் ஆலன் ஃபாக்ஸ். நலன்கள் வேறுபடுவதும் மோதுவதும் இயல்பு, பேசித் தீர்க்க வழிமுறை வேண்டும் என்பது பன்மைப் பார்வை. கூட்டுப்பேரத்தை 1897இலேயே விரிவாக ஆராய்ந்த சிட்னி, பியாட்ரிஸ் வெப் தம்பதி இதற்கு முன்னோடிகள். அமெரிக்கரான ஜான் டன்லப் 1958இல் தொழிலாளர், நிர்வாகம், அரசு ஆகிய மூன்று தரப்பும் சேர்ந்து விதிகளை உருவாக்கும் ஓர் அமைப்பாகத் தொழில் உறவை வரைந்தார். வாடியா வழக்கு எழுப்பிய அச்சத்துக்கு விடையாக, பதிவுபெற்ற சங்கத்தாருக்கு இத்தகைய வழக்குகளிலிருந்து காப்பளித்த 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் அப்படிப்பட்ட விதி.

ஆனால் தராசின் தட்டுகள் சமமா? முதலாளி ஆலையை மூடிவிட்டுக் காத்திருக்கலாம்; தொழிலாளி வீட்டு அடுப்பு காத்திருக்காது. 1974இல் ஃபாக்ஸே பன்மைப் பார்வையைக் கடுமையாக விமர்சித்தார். மறு ஆண்டு ரிச்சர்ட் ஹைமன், வேலையின் மீது யாருக்குக் கட்டுப்பாடு என்பதே தொழில் உறவின் மையம் என்று மார்க்சிய நோக்கில் எழுதினார்.

பொருளியலாளர்களான ஃப்ரீமனும் மெடாஃபும் 1984இல் வேறு கோணத்தில் வந்தார்கள். குறை இருந்தால் வேலையை விட்டுப் போகலாம், அல்லது குரல் கொடுக்கலாம். சங்கம் அந்தக் குரல். அதனால்தான் சங்கம் உள்ள இடத்தில் வேலையை விட்டுப் போவோர் குறைவு என்றார்கள். குறை எப்போது போராட்டமாகிறது என்று கேட்டவர் ஜான் கெல்லி. 1998இல் அவர் தந்த விடை: பட்ட துன்பம் அநீதி என்று உணரப்பட வேண்டும், அதற்கு யார் பொறுப்பு என்று தெரிய வேண்டும், வழிநடத்த ஆளும் வேண்டும்.

இவற்றில் எதுவும் அதே பின்னி ஆலைகளில் 1921இல் நடந்த வேலைநிறுத்தத்தை முழுதாக விளக்காது. அந்த வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினர். வடசென்னையின் புளியந்தோப்பு கலவரத்தில் எரிந்தது. ஒரே ஆலையில் நின்றவர்களைச் சாதி இரண்டாகப் பிளந்தது. கல்கத்தா சணல் ஆலைத் தொழிலாளரைப் பற்றி தீபேஷ் சக்கரவர்த்தி 1989இல் எழுப்பிய கேள்வியும் இதுவே: ஏற்றத்தாழ்வில் ஊறிய சமூகத்திலிருந்து வருபவர்கள் ஆலைக்குள் நுழைந்ததும் ஒரே வர்க்கமாகிவிடுவார்களா? கோவைப் பஞ்சாலைத் தொழிலாளரை ஆராய்ந்த இ.ஏ. ராமசாமியின் 1977ஆம் ஆண்டு நூல் வேறொரு பக்கத்தைக் காட்டியது. அங்கே சங்கம் கூலி வாங்கித் தரும் கருவி மட்டுமல்ல, பற்றும் கொள்கையும் கலந்த உறவு.

2024இல் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஊதியக் கோரிக்கையும் இருந்தது. ஆனால் பிணக்கின் மையம் சங்கத்தை ஏற்பதுதான். சங்கத்தைப் பதிவுசெய்ய 1926ஆம் ஆண்டுச் சட்டம் வழிவிட்டது. அதை நிர்வாகம் அங்கீகரித்தாக வேண்டும் என்று சொல்லவில்லை. அப்படிச் சொன்ன 1947ஆம் ஆண்டுத் திருத்தம் நடைமுறைக்கே வரவில்லை.

எந்தக் கோட்பாட்டை ஏந்தினாலும் ஆய்வாளர் முதலில் கேட்க வேண்டியவை இரண்டு: இந்த வேலையிடத்தில் தொழிலாளியோடு உட்கார்ந்து பேச நிர்வாகம் நாற்காலி போட்டிருக்கிறதா? சங்கத்துக்குள் கடைசித் தொழிலாளிக்கும் நாற்காலி இருக்கிறதா? முதலாவதை 1918 கேட்டது, இரண்டாவதை 1921. இரண்டுக்கும் நாம் இன்னும் விடை சொல்லி முடிக்கவில்லை.