யாருடைய துணிச்சல்?

போர்ச்சுகலின் நசரே கடலில், 2020 அக்டோபரில், செபாஸ்டியன் ஸ்டாய்ட்னர் 26.21 மீட்டர் உயர அலையில் சறுக்கினார். கின்னஸ் அதைப் பதிவு செய்தது. இப்படிப்பட்டவர்களின் மனசை அளக்க உளவியலிடம் ஒரு கோல் உண்டு. மார்வின் சுக்கர்மன் 1964இல் முன்வைத்த 'கிளர்ச்சி நாட்டம்'. சாகச வேட்கை, சலிப்பைத் தாங்க முடியாமை ஆகியவை அதன் கூறுகள். இந்த அளவுகோலுக்குள் ஒளிந்திருக்கும் மனிதன் யார்? சலித்துப்போக நேரம் உள்ளவன். கடலுக்குப் போகாமலும் இருந்துவிடக்கூடியவன்.

தீர்த்தமலையிலிருந்து எழுதும் எனக்குக் கடலைவிட ஒகேனக்கல்தான் பக்கம். அங்கே ஒரே பரிசலில் இரண்டு பேர். சுழலில் அலறுகிற பயணிக்கு அது த்ரில். துடுப்புப் போடுபவனுக்கு அன்றைய கூலி. தண்ணீர் ஒன்றுதான், உளவியல் ஒருவனுக்கு மட்டும்தான் கிடைக்கிறது.

இது புதிதல்ல. சென்னையில் துறைமுகம் கட்டப்படும்வரை கப்பல்கள் ஆழத்திலேயே நின்றன. ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலா படகுகளில்தான் துரைமார்கள் கரையலைகளைக் கடந்து இறங்கினார்கள். கவிழ்ந்தால் தூக்கக் கட்டுமரங்கள் கூடவே வந்தன. துரைகள் தங்கள் நடுக்கத்தை எழுதிவைத்தார்கள். துடுப்புக்காரனின் மனசு யாருக்கும் எழுதத் தக்கதாகப் படவில்லை.

சரி, நாம் என்ன செய்தோம்? 'பாவம், வயித்துப்பாட்டுக்காக உசிரைப் பணயம் வைக்கிறான்' என்று கண்ணீர் விட்டோம். நமது முற்போக்குக் கதையாடல் பெரும்பாலும் இதைத் தாண்டுவதில்லை. உழைப்பவனுக்குப் பசி உண்டு, ருசி கிடையாதா? அலைகளின் வரிசையை எண்ணி, ஓயும் இடைவெளி பார்த்து மரத்தைத் தள்ளுகிறான். திரும்பும்போது அலையின் முதுகிலேயே கரையேறுகிறான். அந்தக் கணத்தின் களிப்பை அவனுக்கு மறுப்பதும் ஒருவகை மேலாதிக்கம்தான்.

மிஹாய் சிக்சென்ட்மிஹாயின் 1975ஆம் ஆண்டு நூல் இங்கே உதவும். மலையேறிகளோடு அறுவைச் சிகிச்சை மருத்துவர்களையும் சேர்த்துப் பார்த்தவர் அவர். திறமையும் சவாலும் சரிக்குச் சரியாகப் பொருந்தும்போது ஆள் தன்னை மறக்கிறான் என்கிறார். அப்படியானால் இன்பத்தின் ஊற்று அபாயம் அல்ல, தேர்ச்சி. வேலைக்கும் விளையாட்டுக்கும் நடுவிலுள்ள சுவர் இங்கே இடிகிறது.

ஹவாய்ப் பூர்வகுடியான எடி ஐகாவ் வைமியாவின் ராட்சத அலைகளில் ஏறியவர், அங்கேயே உயிர்காப்பாளர். 1978இல் தாம் சென்ற பாய்மரத் தோணி கவிழ்ந்ததும், மற்றவர்களுக்கு உதவி தேடிப் பலகையில் போனவர் திரும்பவே இல்லை. எந்தக் கிளர்ச்சி நாட்டத்தில் இதை அடக்குவது?

சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் மீனவர் மூர்த்தி மேகவன் முன்னின்று உருவாக்கிய அலைச்சறுக்குப் பள்ளியில் குப்பத்துப் பிள்ளைகள் பலகை ஏறினார்கள். அவர்களை இன்று 'சாகச வீரர்கள்' என்கிறோம். அதே அலையை மரத்தில் கடந்த அப்பனைத் 'தொழிலாளி' என்றோம். மகனுக்குத் தந்த சொல்லை அப்பனுக்குத் தர எது தடுத்தது? கரையில் நின்று பெயர் வைக்கிற நாம்தான் பதில் சொல்லியாக வேண்டும்.