பெயர் கேட்காத கேமரா

விடுதியில் தங்கி எம்.ஏ. படித்தபோது ஒரு கருத்தரங்கச் சுவரொட்டியில்தான் அந்தப் படத்தை முதலில் பார்த்தேன். கன்னத்தில் கைவைத்து எங்கோ பார்க்கிற தாய். அவள் தோளில் சாய்ந்து முகம் மறைத்த இரண்டு பிள்ளைகள். மடியில் கைக்குழந்தை. கீழே, ‘இடம்பெயரும் தாய் - படம்: டோரதியா லாங்கே’. எடுத்தவருக்குப் பெயர் இருந்தது. எடுக்கப்பட்டவளுக்கு இல்லை.

1936 மார்ச், கலிபோர்னியாவில் நிப்போமோ. பட்டாணி பறிக்க வந்த கூலிகள் பயிர் குளிரில் கருகிப்போனதால் வேலையின்றிக் கூடாரங்களில் கிடந்தார்கள். லாங்கே அரசாங்க வேலையாகப் படமெடுத்து வந்தவர். பத்து நிமிடம், ஒருசில படங்கள். பெயரையோ கதையையோ கேட்கவில்லை என்று 1960இல் அவரே எழுதினார். வயது 32 என்பதை மட்டும் குறித்துக்கொண்டார்.

படம் வீண்போகவில்லை. பத்திரிகையில் வந்ததும் 20,000 பவுண்டு உணவு அந்த முகாமுக்குப் போனது. இதை நாம் மறைக்கக் கூடாது. ஆனால் உணவு வந்தபோது அந்த அம்மா அங்கே இல்லை.

பெயர் வெளியே வர 1978 ஆனது: ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன். செரோகீ பழங்குடி வழி வந்தவர். 1838இல் ராணுவத்தை வைத்துத் தாய்மண்ணிலிருந்து விரட்டப்பட்ட மக்கள் செரோகீகள். வெள்ளை அமெரிக்காவின் ஏழைத் தாயாக உலகம் கொண்டாடிய முகம் அவர்களுடையது! கார் டயரை விற்றுச் சாப்பிட்டார்கள் என்று லாங்கே எழுதியதைக் குடும்பம் மறுத்தது. வண்டி பழுதாகி நின்ற இடம் அது, விற்க டயரே கிடையாது என்றார்கள்.

எங்கம்மா கரும்பு வெட்டப் போன இடத்தில் ஒரு தொண்டு நிறுவனத்துக்காரர் படமெடுத்துப் போனார். அடுத்த வருஷம் அது காலண்டரில் வந்தது, ‘நம்பிக்கையிழந்த விழிகள்’ என்று. அம்மா பார்த்துட்டுச் சிரிச்சா. “அன்னிக்கி எனக்குப் பல்வலிடா. அதைக் கேட்டானா அவன்?”

தனிமனிதர் தவறு என்று இதைச் சுருக்கிவிட முடியாது. லாங்கே கறுப்பினக் குத்தகைக் கூலிகளையும் நிறையப் படமெடுத்தவர். ஆனால் அவருடைய மேலதிகாரி ராய் ஸ்ட்ரைக்கர் 1937இல், வெள்ளைக் குத்தகையாளர் படங்களுக்கே அழுத்தம் கொடுங்கள், அவைதான் அதிகம் பயன்படும் என்று கடிதம் எழுதினார். அதே அரசாங்கத்தின் 1935ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டம் விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலையாட்களையும் வெளியே நிறுத்தியது. கறுப்பின உழைப்பாளிகளில் பெரும்பகுதியினர் இந்த இரண்டு வேலைகளில்தான் இருந்தார்கள். படத்தில் இடம் கொடுத்த அரசு சட்டத்தில் கொடுக்கவில்லை.

1983இல் தாம்ப்சன் நோயில் விழுந்தபோது பிள்ளைகள் ஊராரிடம் உதவி கேட்டார்கள். 35,000 டாலருக்கு மேல் சேர்ந்தது. அந்த ஆண்டே இறந்துபோனார். 1998இல் அந்தப் படத்தின் ஒரு பழைய பிரதி 2,44,500 டாலருக்கு ஏலம் போனது. அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசு கிடைத்ததில்லை என்று 1978இலேயே அவர் மனம் நொந்து சொல்லியிருந்தார்.

தோழர்களே, கேமராவைக் கீழே வை என்று நான் சொல்லவில்லை. படம் இல்லாவிட்டால் அந்த உணவும் போயிருக்காது. ஆனால் நம் இதழ்களைப் புரட்டிப் பாருங்கள். ‘உழைக்கும் தலித் பெண்’ என்று பெயரில்லாமல் எத்தனை முகங்கள்! பெயரைக் கேளுங்கள். பெயர் போட வேண்டாமென்று அவர் சொன்னால் போடாதீர்கள். எழுதிய வாசகத்தை அவருக்கே படித்துக் காட்டுங்கள். அச்சானதும் ஒரு பிரதியை வீட்டில் கொண்டுபோய்க் கொடுங்கள். அவர் சிரித்தால், ஏன் சிரிக்கிறார் என்று கேட்டு அதையும் எழுதுங்கள்.