சித்திரகூடமும் பம்பையும்

காடும் மலையும் கண்டார் உள்ளத்துக் கவலையை ஆற்றும் என்பது இன்று மருத்துவ நூலாரும் உடன்படும் கருத்தாகும். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து மருத்துவமனை ஒன்றில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களின் பதிவேடுகளை உரோசர் உல்ரிச் என்பார் ஆராய்ந்தார். சாளரத்தின் வழியே மரங்களைக் கண்டு கிடந்த 23 பேர், செங்கற் சுவரையே கண்டு கிடந்த 23 பேரினும் விரைவில் வீடு திரும்பினர் என்றும், கடுமையான வலிநீக்கி மருந்துகள் அவர்களுக்குக் குறைவாகவே வேண்டியிருந்தன என்றும் 1984இல் அவர் எழுதினார். இத்தகைய செய்தி வருந்தோறும், "இதனைக் கம்பர் அன்றே பாடிவிட்டார்" என்று சித்திரகூடப் படலத்தை எடுத்துக்காட்டும் தமிழன்பர்களும் உளர். கேட்க இனிய கூற்றுத்தான். ஆயினும் அது கம்பர் கூறியதில் பாதியே.

சித்திரகூடத்தில் நிகழ்வது யாது? முடி புனைய வேண்டிய நாளில் நாடு துறந்தவன் இராமன். அம்மலைச் சாரலிலோ அவன் எதனையும் இழந்தவனாகவே தோன்றவில்லை. பாட்டுக்குப் பாட்டு மனைவியைப் புதிய புதிய பெயரால் விளித்து, இதனைக் காண், அதனைக் காண் என்று காட்டிச் செல்கிறான். அவற்றுள் ஒன்று யானைக் காட்சி. சூல் கொண்ட இளம்பிடிக்காக அதன் களிறு தழையால் வண்டுகளை ஓட்டி, முழையிலிருந்து தேனை எடுத்துத் தன் கையாலேயே அதன் வாயில் ஊட்டுகின்றது. வான்மீகியார் இவ்விடத்தில், மலையழகைக் கண்டபின் நாட்டை இழந்ததும் நட்டாரைப் பிரிந்ததும் தன்னை வருத்தவில்லை என்று இராமன் வாயாலேயே சொல்விக்கிறார். கம்பரோ காட்டுகின்ற குரலின் மகிழ்ச்சியே போதும் என்று விட்டுவிடுகிறார்.

அம்மகிழ்ச்சியும் நெடிது நிற்கவில்லை. இலக்குவன் சமைத்த குடிலைக் கண்டதும் இராமன் கண்கள் நீர் சொரிகின்றன. இவள் மெல்லடிகள் காட்டில் நடந்தன, என் தம்பியின் கைகள் குடில் கட்டின என்று அவன் நெஞ்சம் நைகின்றது. மலை அங்கேதான் நிற்கின்றது. கண்ணீரை அது தடுக்கவில்லை.

ஆரணிய காண்டத்தில் சீதை கவரப்படுகிறாள். அதன் பின்னர், கிட்கிந்தா காண்டத்தின் தொடக்கத்தில் வருவது பம்பைப் பொய்கை. அழகில் அது சித்திரகூடத்திற்குக் குறைந்ததன்று. தாமரையும் நீர்ப்பறவைகளும் நிறைந்த அப்பொய்கையைக் கம்பர் குறைவின்றிப் பாடுகிறார். அங்கும் ஒரு களிறு வருகின்றது; தன் பிடியின் வாயில் நீரை ஊட்டுகின்றது. இராமன் அதனை நோக்கி நிற்கிறான். தேனுக்கு மாறாக நீர் என்பதொழிய அன்பில் வேறுபாடில்லை. "காண்" என்றால் காண்பதற்குத்தான் ஆள் இல்லை. முன்னர் விருந்தாக இருந்த காட்சி இங்கே வேலாகிறது. இவ்விரு பாடல்களும் தற்செயலாக அமைந்தவை என்பது கம்பரை அறியாதார் கூற்று.

புலவர் இன்னும் ஒருபடி மேலே செல்கிறார். தம்பி வேண்ட, இராமன் பொய்கையில் இறங்கி நீராடுகிறான். உடல் குளிரவில்லை. கொல்லன் காய்ச்சிய இரும்பைத் தோய்த்த தண்ணீர் போல ஆயிற்று அந்நீர் என்கிறார் கம்பர். தாமரைப் பொய்கைக்கு உலைக்களத்து உவமை! இயற்கை எவரையும் ஆற்றும் என்னும் எளிய கொள்கை இந்த ஓர் உவமையில் முறிந்துபோகின்றது. (பக்தியுரை நிகழ்த்துவோர் இப்பாட்டை விரைந்து கடப்பதுண்டு. அவதார புருடனுக்கு இத்துணை வெப்பம் ஆகாது போலும்!) வனம்புகு படலத்தில் இராமன் வரவால் பாலை நிலம் வெம்மை நீங்கிக் குளிர்ந்ததாகப் பாடியவரும் இவரே. அங்கே நிலத்தைக் குளிர்வித்தவனும், இங்கே நீரைக் கொதிப்பித்தவனும் ஒருவனே அன்றோ?

"இயற்கை வருணனை" என்று தலைப்பிட்டுச் சித்திரகூடப் பாடல்களை மட்டும் பெயர்த்தெடுக்கும் பழக்கம் இதனாலேயே தீங்குடையதாகிறது. பெயர்த்தால் அவை சுவரில் மாட்டும் படங்களாகி விடுகின்றன. அன்பரை இழந்த ஒருவர் அவற்றைப் படித்துவிட்டு மலை ஏறி, மனம் ஆறாமலே இறங்கினால், குறை தம்மிடத்தே என்று கருத நேரும். பம்பையைப் படித்தவர்க்கு அவ்வையம் எழாது. உல்ரிச்சின் ஆய்வு பொய் என்பதும் அன்று. அவர் எண்ணியது அறுவைக்குப்பின் மருத்துவமனையில் கிடந்த நாட்கணக்கு. பிரிவின் புண்ணுக்கு அக்கணக்கு பொருந்தாது.

பம்பைக்குப் பின்னும் காடு தீர்ந்துவிடவில்லை. கார்காலப் படலத்தில் மாதக்கணக்கில் மழை பொழிகின்றது. மலையும் அருவியும் மயிலும் புதுப்பொலிவு பெறுகின்றன. இராமன் துயரமும் அவற்றோடு வளர்கின்றது. அங்கே அவனைத் தேற்றுவது இலக்குவன் சொல். சித்திரகூடத்தில் குடில் கட்டியவனும் அவனே.