கபாலத்தைக் காணோம்!

பழைய தமிழ்ப் படங்களில் வில்லன் சொடுக்குப் போட்டால், லுங்கியும் கன்னத்து மருவுமாக ஓர் அடியாள் வந்து நிற்பாரே, ஞாபகம் இருக்கிறதா? பெயர் கபாலி என்றால் வேறு அறிமுகமே தேவையில்லை. 2016-ல் ரஜினியை வைத்து பா.ரஞ்சித் எடுத்த படம் இந்த வழக்கத்தைத்தான் நேருக்கு நேர் கேட்டது. மயிலாப்பூர் சாமியின் பெயர் எப்படி ரவுடி பெயரானது? அந்தப் பெயரை ஆசையாக வைத்துக்கொண்டவர்களில் ஏழைகள் அதிகம் என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தோன்றவில்லை.

'கபாலம் என்றால் மண்டையோடு, பயங்கரமான வார்த்தை, அதனால்தான் அப்படி' என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். அதுவும் சரியில்லை. கபாலம் சமஸ்கிருதச் சொல். கிண்ணம், ஓட்டுச்சில்லு என்றெல்லாம் அதற்குப் பொருள் உண்டு. வேத வேள்விகளில் 'புரோடாசம்' என்றொரு அடை சுடுவார்கள். சுட்ட மண் ஓடுகளை அடுக்கி, அதன் மேல் வைத்துச் சுடுவது. அந்த ஓடுகளுக்குப் பெயர் கபாலம். அக்னிக்கு எட்டுக் கபாலம், இன்ன தேவதைக்கு இத்தனை என்று கணக்கு வேறு. (மூளையைச் சுற்றியுள்ள எலும்புகளும் எட்டுதான். அதற்காக இரண்டையும் முடிச்சுப் போட்டு, 'அன்றே சொன்னார்கள்' என்று கிளம்பிவிடாதீர்கள். தற்செயல்.)

தமிழும் இதையே செய்திருக்கிறது பாருங்கள். கூரையில் இருப்பது ஓடு. ஆமைக்கும் தேங்காய்க்கும் ஓடு. துறவி கையில் ஏந்துவது திருவோடு. அதை ஏந்தும் நிலைக்கு வந்தவன் ஓட்டாண்டி. தலைக்குள் இருப்பதும் மண்டை 'ஓடு'. லத்தீனில் மண்சட்டிக்குப் பெயர் 'டெஸ்டா'. பிரெஞ்சுக்காரர்கள் தலையை 'தெத்' என்பது அதிலிருந்து வந்ததுதான். மனுஷனுக்குத் தலையைப் பார்த்தால் சட்டி ஞாபகம் வந்திருக்கிறது. இதில் பயப்பட என்ன இருக்கிறது?

இது புரிந்தால்தான் 'மத்தவிலாசப் பிரகசனம்' ரசிக்கும். ஏழாம் நூற்றாண்டில், மாமன்னர் மகேந்திரவர்ம பல்லவரே எழுதிய சமஸ்கிருத நகைச்சுவை நாடகம். காஞ்சிபுரத்தில் சத்தியசோமன் என்ற காபாலிகன், காதலி தேவசோமாவுடன் குடித்துத் திரிகிறான். திடீரென்று கையில் இருந்த கபாலத்தைக் காணோம். எதிரே வந்த புத்த பிட்சு நாகசேனன்தான் திருடியிருக்க வேண்டும் என்று அவரைப் பிடித்துக்கொள்கிறான். பாசுபதர் ஒருவர் பஞ்சாயத்துக்கு வருகிறார். கடைசியில் ஒரு பைத்தியக்காரன் கொண்டுவந்து நீட்டுகிறான். எடுத்துப் போனது ஒரு நாய்! உள்ளே வறுத்த இறைச்சி இருந்ததாம்.

முதல் பாதிக் குடிகார வசனங்கள் கொஞ்சம் நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிட்சு வந்த பிறகு நாடகம் பறக்கிறது. மதுவும் மாதுவும் கூடாது என்று புத்தர் நிஜமாகவே சொல்லியிருப்பாரா, பொறாமை பிடித்த கிழவர்கள் மறைத்திருப்பார்களோ என்று அவர் மனசுக்குள் புலம்புவது இன்றைக்கும் சிரிப்பு வருகிற இடம். ஆட்சியில் இருப்பவரே எல்லா மதத்துச் சாமியார்களையும் இப்படிக் கிண்டலடித்திருக்கிறார். இப்போது யாராவது துணிவார்களா, சொல்லுங்கள்.

எனக்குப் பிடித்தது அந்தக் காபாலிகனின் பதற்றம்தான். போனது அவனுடைய சாப்பாட்டுப் பாத்திரம், குடிக்கிற கிண்ணம், அவன் எந்த மதம் என்பதற்கான அடையாளம். மூன்றும் ஒன்றேதான். கபாலம் இல்லாவிட்டால் அவன் கபாலியே இல்லை. குடை தொலைத்தவன் வேறு வாங்கிக்கொள்வான், இவன் என்ன செய்வான்? சிரித்துக்கொண்டே இருக்கும்போது அவன் மேல் ஒரு பரிதாபம் வந்துவிடுகிறது.

இந்த நாடகத்தைத் தமிழில் மேடையேற்றுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கபாலம் என்ற இடத்திலெல்லாம் 'மண்டையோடு' என்று போட்டு, சிவப்பு விளக்கும் பேய்ச் சிரிப்புமாக மாந்திரீகப் படம் காட்டாதீர்கள். 'என் ஓடு எங்கே? என் ஓட்டைக் காணோமே!' என்று ஒருவன் காஞ்சித் தெருவில் அலையட்டும். அது போதும். நாய்க்கு அது ஒரு கறிச்சட்டி மட்டும்தானே.