முன்னால் நிற்கும் பூஜ்யம்

சி மொழியில் 010 என்று எழுதினால் அதன் மதிப்பு பத்து அல்ல, எட்டு. முன்னால் பூஜ்யம் இருந்தால் எட்டடிமான எண் என்பது அங்கே விதி. அதையே 010.0 என்று எழுதுங்கள், பத்தாகிவிடும். பட்டியல் நேராக நிற்கட்டும் என்று ஒருவர் 001, 010, 100 என்று அடுக்கினால், கம்பைலர் 1, 8, 100 என்று வாசித்துவிட்டு மேலே போய்விடும்.

இந்த விதி காரணமில்லாமல் வந்ததல்ல. கென் தாம்ப்சன் 'பி' மொழியை முதலில் உருவாக்கிய பிடிபி-7 கணினியில் ஒரு சொல்லுக்கு 18 பிட். மும்மூன்றாகப் பிரித்தால் ஆறு எட்டடிமான இலக்கங்களில் மிச்சமில்லாமல் அடங்கும். பி-யிலிருந்து சி-க்கும், அங்கிருந்து ஜாவாவுக்கும் வழக்கம் இறங்கியது. 8 பிட் பைட் நிலைத்த பிறகு அந்த வசதிக்கு வேலை குறைந்துவிட்டது. விதி மட்டும் போகவில்லை.

அடுக்கைக் குறிக்கும் 'e' என்ற எழுத்திலும் சிக்கல் உண்டு. 1e3 என்றால் ஆயிரம். ஆனால் பதினாறடிமானத்தில் e ஓர் இலக்கம், அதன் மதிப்பு 14. சி-யில் 0xf+1 சரியாகக் கூட்டப்படும், 0xe+1 பிழையாகும். e-யை அடுத்து வரும் கூட்டல் குறியை அடுக்கின் குறியாக எண்ணி, முழுவதையும் ஒரே எண்ணாக விழுங்கிவிடுவதே காரணம். எரிச்சலான விதிதான். ஆனாலும் இதை நான் மன்னிப்பேன், ஏனென்றால் கம்பைலர் அங்கேயே நின்று பிழை என்று சொல்கிறது. ஓர் இடைவெளி விட்டால் தீர்ந்தது.

மன்னிக்க முடியாதது பிஎச்பி செய்வது. 240610708, QNKCDZO என்ற இரு சரங்களின் எம்டி5 ஹாஷ் மதிப்புகளும் 0e என்று தொடங்கி, அதன் பின் வெறும் இலக்கங்களாகவே ஓடுகின்றன. அவற்றை == கொண்டு ஒப்பிட்டால், அந்த e-யை அடுக்காகக் கொண்டு இரண்டையும் எண்ணாக மாற்றி, பூஜ்யமும் பூஜ்யமும் சமம் என்று விடை தருகிறது. கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் இடத்தில் இப்படி எழுதியிருந்தால் கதவு திறந்துவிடும். எண் என்று யாரும் எழுதாததை மொழி தானாக எண்ணாக்கிக்கொண்டதால் வந்த வினை இது. ஒப்பீட்டு விதிகளைத் திருத்திய பிஎச்பி 8-லும் இது அப்படியே இருக்கிறது.

மீண்டும் முன்னால் நிற்கும் பூஜ்யத்துக்கு வந்தால், ரஸ்ட் மொழி 010-ஐப் பத்து என்றே வாசிக்கிறது. கணக்குப்படி சரி, ஆனால் சி பழகிய கை எட்டு என்று நினைத்து எழுதினால் கம்பைலர் அதைச் சொல்லித் திருத்தாது. 2008-இல் வந்த பைதான் 3 இரண்டு பொருளையும் மறுத்தது: 010 பிழை, எட்டடிமானம் வேண்டுமா, 0o10 என்று எழுது. பழைய நிரல்கள் உடையும் என்று தெரிந்தே எடுத்த முடிவு அது. என் தீர்ப்பில் முதலிடம் பைதான் 3-க்கு, அடுத்தது ரஸ்ட், அதற்குப் பின்னால் சி. பிஎச்பி-யில் எழுதுபவர்கள் சரங்களை ஒப்பிடும் இடமெல்லாம், எண்ணாக மாற்றாமல் ஒப்பிடும் === போடுங்கள்.