எழுத்தர் வேலை யாருடையது?

இந்தியாவுக்குப் போக நேபாளிக்குப் பாஸ்போர்ட் தேவையில்லை. எல்லை திறந்தே கிடக்கிறது. நேபாளத்தில் பாஸ்போர்ட் கேட்டு வரும் பெருந்திரள் கத்தார், சவூதி, மலேசியா என்று வேலைக்குக் கிளம்புகிறவர்கள். வெளிநாடுகளில் உழைப்பவர்கள் அனுப்பும் பணம் நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. அப்படிப்பட்ட நாட்டில் பாஸ்போர்ட் விண்ணப்பத்தை இணையத்துக்குக் கொண்டுபோனது நல்ல முடிவுதான். ஆனால் பாதியில் நின்றுபோன முடிவு. அலுவலக எழுத்தர் செய்ய வேண்டிய வேலையை அரசு விண்ணப்பதாரரின் தலையில் வைத்துவிட்டது. அந்த வேலையில் நேரும் பிழைக்கான செலவையும் அவரே ஏற்க வேண்டியிருக்கிறது.

நன்மையை முதலில் சொல்லிவிட வேண்டும். கையால் எழுதிய பாஸ்போர்ட்டை விட்டு 2010 டிசம்பரில் இயந்திரம் படிக்கும் பாஸ்போர்ட்டுக்கு நேபாளம் மாறியது. 2021 நவம்பர் 17 முதல் சில்லு பதித்த மின் பாஸ்போர்ட் வந்தது. முதலாவது மின் பாஸ்போர்ட் நூறு வயதைக் கடந்த பண்பாட்டு ஆய்வாளர் சத்ய மோகன் ஜோஷிக்கு வழங்கப்பட்டது. இப்போது படிவத்தை இணையத்தில் நிரப்பி, 77 மாவட்ட நிர்வாக அலுவலகங்களில் ஒன்றையோ காத்மாண்டுவிலுள்ள பாஸ்போர்ட் துறையையோ தேர்ந்து, நாள் குறித்துக்கொண்டு, பார்கோடு தாளோடு போக வேண்டும். புகைப்படம், கைரேகை, கையெழுத்து மூன்றையும் அங்கேயே எடுத்துக்கொள்கிறார்கள். இமயமலையிலுள்ள மேல் டோல்பாவின் கிராமங்களிலிருந்து மாவட்டத் தலைநகர் துனைக்கு இறங்கிவர நாட்கள் பிடிக்கும். அங்கிருந்து வருகிறவருக்கு நாள் குறித்துப் போக முடிவது சின்ன விஷயமல்ல. விடியற்காலையில் போய் இடம்பிடித்து, மாலையில் வெறுங்கையோடு திரும்பும் அவமானத்தை இந்த ஏற்பாடு குறைக்க முடியும்.

சிக்கல் படிவத்தின் கட்டங்களுக்குள் இருக்கிறது. நேபாளியின் அடிப்படை ஆவணம் 'நாகரிகதா' எனப்படும் குடியுரிமைச் சான்றிதழ். அதன் முகப்பில் பெயர்கள் தேவநாகரியில், தேதிகள் நேபாளத்தின் விக்ரம சம்வத் நாட்காட்டியில். பாஸ்போர்ட்டுக்கு வேண்டியது ரோமன் எழுத்தும் ஆங்கிலத் தேதியும். லக்ஷ்மி என்ற பெயரில் வரும் 'க்ஷ'வை 'எக்ஸ்' போட்டும் எழுதலாம், 'கே எஸ் ஹெச்' போட்டும் எழுதலாம். பள்ளிச் சான்றிதழில் ஒன்றும் பாஸ்போர்ட்டில் இன்னொன்றும் இருந்தால் விசா மேசையில் அவர் இரண்டு பெண்கள். தேதி இன்னும் நுட்பமானது. சம்வத் ஆண்டிலிருந்து 57ஐக் கழித்தால் ஆங்கில ஆண்டு வந்துவிடும் என்பது பொதுவான கணக்கு. ஆனால் பௌஷ மாதத்தின் நடுவில்தான் ஜனவரி பிறக்கிறது. அதற்குப் பிறகு 56ஐக் கழிக்க வேண்டும். 2057 பௌஷத்தின் முதல் வாரத்தில் பிறந்தவர் 2000ஐச் சேர்ந்தவர், கடைசி வாரத்தில் பிறந்தவர் 2001ஐச் சேர்ந்தவர். மாதங்களுக்கு 29 முதல் 32 நாள் வரை, அதுவும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். இந்தக் கணக்கில் தவறினால் பாஸ்போர்ட்டில் வயதே மாறிப்போகும். அதனால்தான் மாவட்ட அலுவலகங்களைச் சுற்றி ஜெராக்ஸ் கடைகளும் கணினிக் கடைகளும் படிவம் நிரப்பிப் பிழைக்கின்றன. 34 பக்க பாஸ்போர்ட்டுக்கு அரசு வாங்கும் 5,000 ரூபாய்க்கு மேல் அங்கேயும் ஒரு கூலி. நாகரிகதாவின் நகலும் தாய் தந்தை பெயரும் முன்பின் தெரியாத ஒரு கடையின் கணினியில் தங்கிவிடுகின்றன. கட்டணத்தைவிட இதுதான் எனக்குக் கவலை தருவது.

இளைஞர்கள் எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறதே என்பார்கள். 2021 கணக்கெடுப்பின்படி எழுத்தறிவு 76.2 சதவீதம், பெண்களிடையே 69.4. செல்போனில் படம் பார்ப்பதும், வாழ்க்கையைத் தீர்மானிக்கும் படிவத்தை ரோமன் எழுத்தில் பிழையின்றி நிரப்புவதும் ஒன்றல்ல. பழைய முறையில் எழுத்தர் பிழை செய்யவில்லையா என்றும் கேட்கலாம். செய்தார், ஆனால் அது அரசின் பிழையாக இருந்தது. இப்போது 'நீங்கள் நிரப்பியதுதானே' என்று சொல்லிவிட முடிகிறது. கைரேகைக்காக எப்படியும் நேரில் போகத்தானே வேண்டும், அங்கே அதிகாரி சரிபார்ப்பாரே என்ற வாதம் வலுவானது. ஆனால் அந்தச் சரிபார்ப்பு, தாளும் சான்றிதழும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதோடு நின்றுவிடக் கூடாது. தவறு கண்ட இடத்திலேயே திருத்திக் கொடுப்பதாகவும் இருக்க வேண்டும். டோல்பாக்காரரை இன்னொரு நாளுக்கு வரச்சொல்வது சரிபார்ப்பு ஆகாது. தேசிய அடையாள எண் என்ற ஏற்பாடும் இருக்கிறது. அதன் வழியே ஒருவரின் பெயரும் பிறந்த தேதியும் கைரேகையும் அரசின் ஒரு கையில் ஏற்கெனவே இருக்கும்போது, அவற்றைச் சரியாக எழுதிச் சேர்க்கும் பொறுப்பு அரசுடையதே.

படிவம் நிரப்பும் மேசை மாவட்ட வாசலில் அல்ல, வார்டில் இருக்க வேண்டும். நேபாளத்தில் 753 உள்ளாட்சிகள், 6,743 வார்டுகள் இருக்கின்றன. ஒரு குழந்தையின் பிறப்பைப் பதிவதும், வளர்ந்தபின் நாகரிகதாவுக்குப் பரிந்துரை எழுதித் தருவதும் வார்டு அலுவலகம்தான். பாஸ்போர்ட் படிவத்தையும் அதே மேசையில், கட்டணமில்லாமல், அரசு ஊழியரே நிரப்பித் தரட்டும்.